யனிரிஸ் பார்க்காத பாதி ஆட்டம்

யனிரிஸுக்கு எட்டு வயது முடியப் போகிறது. சேவல்கள் அணி ஒரே ஒரு ரன் எடுத்துக்கூட, நினைவு தெரிந்து அவள் தன் கண்ணால் பார்த்ததில்லை. வீட்டில் டிவி இல்லையோ என்று யாரும் பரிதாபப்பட வேண்டாம். அந்த வீட்டில் கூரை ஒழுகும், அது பாட்டுக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும். ஆனால் கூடத்துச் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு டிவி இருக்கும். கரண்ட் போனாலும் அது மட்டும் அணையாமல் இருக்கக் கட்டிலுக்கடியில் பேட்டரிகள் உட்கார்ந்திருக்கும். அக்டோபர் பிறந்தால் ஜனவரி முடிகிறவரை பேஸ்பாலைத் தவிர அங்கே வேறு பேச்சு கிடையாது. கல்யாணமோ ஞானஸ்நானமோ, யாராவது ஆட்ட நாளில் வைத்துத் தொலைத்தால் அவர்களோடு போக்குவரத்தே நின்றுவிடும். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பெண்தான், தன் அணி மட்டையைத் தூக்குகிற நேரமெல்லாம் குளியலறையில் உட்கார்ந்திருந்தாள்.

எல்லாம் புளிச்சாற்றால் வந்தது. அவளுக்கு நாலு வயது இருக்கும்போது ஒரு அரையிறுதி. கடைசி இன்னிங்ஸ், சேவல்கள் இரண்டு ரன் பின்தங்கிக் கிடந்தார்கள். அப்பா எலிகியோ துண்டால் முகத்தை மூடிக்கொண்டுவிட்டார். அவருடைய அக்கா நூரிஸ் ஜெபமாலையை உருட்டுவதை நிறுத்திவிட்டு மாதாவிடம் நேரடியாகவே சண்டை போட ஆரம்பித்திருந்தாள். குழந்தை மட்டும் மூக்குமுட்டப் புளிச்சாறு குடித்துவிட்டு ஒன்றுக்கு வருகிறது என்று எழுந்து போனாள். போன நேரத்தில் ஒருவன் அடித்தான், அடுத்தவன் அடித்தான், அதற்கடுத்தவன் அடித்த பந்து வேலியைத் தாண்டிப் போனது. அவள் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் கூடத்தில் எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். யாரோ செத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று அவளும் கூடச் சேர்ந்து அழுதாள்.

இப்படி ஜெயித்தால் மற்ற வீடுகளில் கொண்டாடிவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். இங்கே விசாரணை நடந்தது. நடத்தியவர் அம்மா ஒடாலிஸின் தம்பி குக்கோ. ஆள் வேன் டிரைவர், ஆனால் பேச்சில் வக்கீல். அந்த நேரத்தில் யார் எந்த நாற்காலியில் இருந்தார்கள், எந்தக் கால்மேல் எந்தக் கால், யார் கையில் என்ன என்று ஒவ்வொருவராகக் குடைந்தார். எலிகியோ துண்டை எடுக்கவில்லை. நூரிஸ் நாற்காலி மாறவில்லை. ஒடாலிஸ் ஒரு பொரித்த சலாமி இறைச்சித் துண்டை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே உறைந்திருந்தாள். ஆக, மாறியது ஒன்றே ஒன்றுதான். எல்லாரும் திரும்பிக் குழந்தையைப் பார்த்தார்கள்.

அடுத்த ஆட்டத்தில் சேவல்கள் அடிக்க வந்ததும் குக்கோ குரலில் தேனைக் குழைத்துக்கொண்டு கேட்டார். "கண்ணு, உனக்கு ஒண்ணுக்கு வருதில்ல?"

வரவில்லை என்றாள்.

"போய் உக்காந்து பாரு. வந்தாலும் வரும்."

போனாள். அவளுக்கு வரவில்லை, ஆனால் சேவல்களுக்கு ரன் வந்தது. அத்தோடு சட்டம் எழுதியாகிவிட்டது. எதிரணி அடிக்கும்போது யனிரிஸ் அப்பா மடியில் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கலாம். சேவல்கள் அடிக்க வந்தால் எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். ஆட்டத்தில் இரண்டு அணியும் மாறி மாறி இடம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள், அவர்களோடு சேர்ந்து இவளும் மாறுவாள். சேவல்கள் தோற்ற நாட்களும் உண்டு. தோற்றால் குறை யாரிடம் என்று வேறு விசாரணை நடக்கும். அத்தை தும்மியிருப்பாள், இல்லையென்றால் பக்கத்து வீட்டு நாய் உள்ளே வந்திருக்கும். சட்டத்தின்மேல் மட்டும் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

அவளை அங்கே கஷ்டப்பட விட்டார்கள் என்று சொல்ல முடியாது. அப்பா தன் கையாலேயே ஒரு முக்காலி செய்து போட்டார். அத்தை அதற்குப் பூப்போட்ட மெத்தை தைத்தாள். அம்மா பிஸ்கட் டப்பா வைத்தாள், மாமா சுவரில் சேவல் படம் ஒட்டினார். ஆட்டம் பார்க்க வந்த விருந்தாளிக்கு அவசரம் என்றால் இன்னிங்ஸ் முடியட்டும் என்று பதில் வரும். குக்கோவின் முதலாளி ஒருமுறை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து பார்த்துவிட்டு, கடைசியில் கொல்லைப்புற மாமரத்தடிக்கு ஓடினார்.

யனிரிஸ் உள்ளே இருந்தபடியே காதால் ஆட்டம் பார்க்கக் கற்றுக்கொண்டாள். நாற்காலிகள் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டால் பந்து பறக்கிறது. அத்தை மாதாவைக் கூப்பிட்டால் நிலைமை மோசம். பேச்சு மூச்சு இல்லையென்றால் ஆள் அவுட். சோப்பு டப்பா குலுங்கிக் கீழே விழுந்தால் பந்து வேலியைத் தாண்டிவிட்டது, ஹோம் ரன். ஆனால் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று மட்டும் அவளுக்குத் தெரியாது. எதிரிகள் அடிப்பார்கள், நம்மாட்கள் ஓடி ஓடிப் பிடிப்பார்கள், ஆட்டமே அவ்வளவுதான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள். பிறகு நம் பக்கம் ரன் எப்படி ஏறுகிறது? அது, தான் குளியலறையில் உட்காருவதற்கு யாரோ கொடுக்கிற கூலி என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

தெருவில் பிள்ளைகள் துடைப்பக்கட்டையால் தண்ணீர்க் கேன் மூடியை அடித்து விளையாடுவார்கள். மூடி எப்படிச் சுழன்று வளைந்து வந்தாலும் யனிரிஸ் கையில் வந்து விழும். பெரிய பையன்கள்கூட அவளைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ள அடித்துக்கொள்வார்கள். ஆனால் அவளுக்குக் கட்டை பிடிக்கத் தெரியாது. முதன்முதலாக அவள் முறை வந்தபோது, பழக்க தோஷம், கட்டையைக் கீழே போட்டுவிட்டு நேரே வீட்டுக்குள் போய் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தெருவே தேடியது.

பள்ளியில் டீச்சர் ஒருநாள், வாழ்க்கையில் ரொம்ப சந்தோஷமான நேரத்தைப் படமாக வரையச் சொன்னார். மற்ற பிள்ளைகள் கடற்கரை வரைந்தார்கள், பிறந்தநாள் கேக் வரைந்தார்கள். இவள் ஒரு சாத்திய கதவு, ஒரு முக்காலி, அந்தரத்தில் ஒரு சோப்பு டப்பா வரைந்து வைத்தாள். டீச்சர் பதறிப்போய் அம்மாவை வரவழைத்தார். ஒடாலிஸ் கூச்சத்தோடு விஷயத்தைச் சொல்லி முடித்தாள். டீச்சர் எழுந்து போய் வகுப்புக் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சனிக்கிழமை மேட்ச்சுக்கும் உள்ளதான இருப்பா?"

இந்த வருஷம் சேவல்கள் இறுதிப் போட்டிக்கே வந்துவிட்டார்கள். எதிரில் சுறாக்கள். ஆளுக்கு மூன்று ஆட்டம் ஜெயித்து, கோப்பை யாருக்கு என்பது ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ஆட்டத்தில் வந்து நின்றது. சேவல்கள் கடைசியாகக் கோப்பையைத் தூக்கியபோது எலிகியோவுக்கு மீசைகூட முளைக்கவில்லை. இதற்கு நடுவில் யனிரிஸுக்குப் புதிதாக ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. ஒல்லி பெகெரோ என்று ஒருவன் அணியில் சேர்ந்திருந்தான். அவன் பாய்ந்து பந்து பிடிப்பதைப் பார்த்து அவள் சொக்கிப்போயிருந்தாள். அவன் அடிக்க வரும்போது சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாரும் மூச்சை இழுத்துப் பிடிப்பது அவளுக்குக் கேட்கும். அப்படி என்னதான் செய்கிறான் என்று தெரியாமல் அவள் கதவில் காதை ஒட்டிக்கொள்வாள்.

சனிக்கிழமை, துவரைச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அவள் சொன்னாள். "நாளைக்கு நான் உள்ள போக மாட்டேன். ஒல்லி அடிக்கிறத நான் பாக்கணும்."

கரண்டிகள் நின்றன. முதலில் வாய் திறந்தது அத்தைதான். கோப்பை வந்தால் தூரத்து இகுவே ஊர் மாதா கோயிலுக்குச் செருப்பில்லாமல் நடந்தே வருவதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். தன் பாதம் தேய்ந்து போகப் போகிறது, இவளுக்கு மெத்தை போட்ட முக்காலி கசக்கிறதா என்று ஒரு பாட்டம் அழுதாள். குக்கோ பேரத்தில் இறங்கினார். சைக்கிள் என்றார், நாய்க்குட்டி என்றார், வேனில் முன் சீட் என்றார். எதுவும் எடுபடவில்லை. இந்த ஒரு ஆட்டம் ஜெயித்துவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் கூடத்திலேயே உட்கார்ந்து பார்க்கலாம் என்று கடைசி அஸ்திரத்தை விட்டார்.

"பொய்யி," என்றாள் யனிரிஸ். "ஜெயிச்சா, இவளாலதான் ஜெயிச்சோம்னு அடுத்த வருஷமும் போகச் சொல்லுவீங்க. தோத்தா, கதவ சரியா சாத்தலன்னு தாப்பா போடச் சொல்லுவீங்க. நான் எப்பதான் மாமா பாக்கறது?"

நடுரோட்டில் போலீஸ்காரரையே வாயடைக்க வைத்த குக்கோ, தட்டிலிருந்த துவரையைக் கரண்டியால் எண்ண ஆரம்பித்தார். ஒடாலிஸ் குனிந்து சோற்றைக் கிளறினாள். அவள் மகள் பக்கம்தான், ஆனால் சேவல்கள் பக்கமும் இருந்தாள்.

எலிகியோ மகள் படுக்கப் போகும்போது கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். பெரிய உடம்புக்காரர், கட்டில் முனகியது. "இந்த ஒரு தடவ மட்டும், ராசாத்தி. அப்பாவுக்காக," என்றார்.

மாமாவோடு மல்லுக்கட்டலாம், அத்தையோடு மல்லுக்கட்டலாம். இந்த மனுஷன் கெஞ்சினால் என்ன செய்வது? தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு சரி என்றாள். அழுகை வந்தது, அதை அவருக்குக் காட்டவில்லை.

மறுநாள் காலை முட்டை வாங்க மூலைக்கடைக்குப் போனாள். கடைக்காரர் ஃபிலிபெர்டோ பரம்பரைச் சுறாக்காரர், இந்தக் குளியலறை விவகாரம் முழுக்கத் தெரிந்தவர். கேட்காமலே தேங்காய் மிட்டாய் எடுத்து நீட்டி, பச்சைப் பிள்ளையை இப்படி அடைத்து வைக்கிறார்களே, நீ பாட்டுக்கு வெளியே வந்து நன்றாக ஆட்டம் பாரம்மா என்று உருகினார். அப்பாவுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்று யனிரிஸ் உள்ளதைச் சொன்னாள். சொல்லிவிட்டு இன்னும் ரெண்டு மிட்டாயையும் எடுத்துக்கொண்டாள். ஃபிலிபெர்டோவால் தடுக்க முடியவில்லை.

சாயங்காலம் அக்கம்பக்கத்து ஜனமெல்லாம் கூடத்தில் வந்து அடைந்தது. ஆட்டம் ஆரம்பித்ததிலிருந்தே இழுபறி. சேவல்கள் ஒன்று எடுத்தால் சுறாக்கள் ஒன்று எடுத்தார்கள். யனிரிஸ் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தாள். அவள் எழுந்தால் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. போகிறபோக்கில் டிவி கண்ணில் பட்டுவிடப் போகிறதே என்று ஒரு கிழவர் தன் தொப்பியால் அவள் முகத்தை மறைத்தார். எட்டாவது இன்னிங்ஸில் சுறாக்கள் ஒரு ரன் முன்னால் போனார்கள். ஒன்பதாவதில் இன்னும் ஏறவிடாமல் சேவல்கள் எப்படியோ தடுத்துவிட்டார்கள். ஒல்லி புல்லில் சறுக்கிக்கொண்டே போய்க் கடைசிப் பந்தைப் பிடித்தான். அப்பா மடியில் இருந்தபடி யனிரிஸ் கைதட்டினாள்.

இனி சேவல்களின் கடைசி வாய்ப்பு. யாரும் சொல்லாமலே அவள் மடியிலிருந்து இறங்கினாள். அப்பாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. அதைப் பார்த்ததும் பாவமாக இருந்ததோ என்னவோ, அவர் கன்னத்தில் தட்டினாள். "கவலப்படாதப்பா. நான் போய் எடுத்துட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதன்பிறகு எலிகியோவுக்கு டிவியில் மனம் ஒட்டவில்லை. முதல் ஆள் அவுட் ஆனபோது அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது ஆள் அடித்துவிட்டு ஓடி முதல் பேஸில் போய் நின்றான், ஊரே கத்தியது. அப்போதும் கதவைத்தான் பார்த்தார். மூன்றாவது ஆளும் அவுட். மூன்று அவுட்டோடு எல்லாம் முடிந்துவிடும், இன்னும் ஒரே ஒருவன்தான் பாக்கி. அந்த ஒருவன் ஒல்லி.

சுவருக்கு அந்தப் பக்கம் யனிரிஸ் எல்லாவற்றையும் கேட்டு வைத்திருந்தாள். கூடத்தில் எல்லாரும் மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது. அவன்தான் என்று தெரிந்துகொண்டு கண்ணை இறுக்கி மூடினாள். அப்போது கதவு திறந்தது.

"எழுந்திரு," என்றார் அப்பா.

"இன்னும் முடியலையேப்பா."

"ஒல்லி வரான். போய்ப் பாரு."

"அப்ப உள்ள யாரு இருப்பா?"

"நான் இருக்கேன். முக்காலி காலியா இருக்கக் கூடாது, அவ்ளோதான?"

"நீ பாக்க முடியாதேப்பா." அவள் முக்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "கோப்பைக்கு ஆடறாங்கப்பா."

"நான் நெறைய பாத்துட்டேன். நீ ஒண்ணுகூட பாக்கல. போ, போ, பந்து போட்டுடப் போறான்." அவளைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு எலிகியோ அந்தக் குட்டி முக்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் தாடைக்கு வந்துவிட்டது.

அவள் வந்து நின்றதைப் பார்த்ததும் கூடம் ஆடிப்போனது. அத்தை கையிலிருந்த ஜெபமாலை நழுவியது. குக்கோ எழுந்தே விட்டார். அவரைச் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தவள் ஒடாலிஸ். இன்னொரு கையால் மகளை இழுத்துத் தன் நாற்காலியில் பாதி இடம் கொடுத்து, "வாய மூடிட்டுப் பாரு," என்றாள். அதற்குமேல் யாருக்கும் பேச நேரமில்லை. திரையில் ஒல்லி மட்டையோடு நின்றுகொண்டிருந்தான்.

பந்து பிடிக்கிற கையுறை இல்லாத ஒல்லியை யனிரிஸ் அன்றைக்குத்தான் பார்க்கிறாள். வேறு யாரோ போல இருந்தான். காலை லேசாகத் தூக்கினான், இடுப்பைத் திருப்பினான். அவள் ஆயிரம் தடவை சுவர் வழியாகக் கேட்ட அந்தச் சத்தம் கேட்டது, இந்தத் தடவை பந்தோடு சேர்ந்து. பந்து மேலே போனது, விளக்குக் கம்பங்களையும் தாண்டி மேலே போனது. கூடமே எழுந்து நின்றது. யனிரிஸ் நாற்காலிமேல் ஏறினாள், தன் வாயிலிருந்து இவ்வளவு பெரிய சத்தம் வருகிறது என்பதே அவளுக்குத் தெரியவில்லை. சுறாக்காரன் ஒருவன் பந்துக்குக் கீழேயே பின்னோக்கி ஓடினான், வேலி வரைக்கும் ஓடினான், வேலியில் ஒரு காலை ஊன்றி எம்பினான். இறங்கும்போது பந்து அவன் கையில் இருந்தது.

அது பிடிதான், ஆட்டம் முடிந்தது, கோப்பை போனது என்பது மற்றவர்களைவிட அவளுக்கு நன்றாகவே தெரியும். பிடிப்பதைத்தானே இத்தனை வருஷமாகப் பார்த்தாள். ஆனால் தெரிந்தது இன்னும் முகத்துக்கு வந்து சேரவில்லை. எல்லாரும் தலையில் கைவைத்து உட்கார்ந்த பிறகும் அவள் மட்டும் நாற்காலிமேல் சிரித்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தாள். தெருக்கோடியில் ஃபிலிபெர்டோ கடையில் வெடிச்சத்தம் கேட்டது. அப்புறம் ஒவ்வொரு தலையாக அவள் பக்கம் திரும்பியது.

நாலு வயதில் இப்படித்தான் திரும்பினார்கள். அப்போது பார்த்த பார்வை வேறு. நாளைக்குத் தெருவில், பள்ளிக்கூடத்தில், டீச்சர் முகத்தில், எங்கே போனாலும் தான்தான் கோப்பையைத் தொலைத்தவள் என்பது அவளுக்குச் சட்டென்று புரிந்தது. சிரிப்பு போய்விட்டது.

"யாரு," என்று குக்கோ ஆரம்பித்தார். "யாரு இவள வெளிய விட்டது?"

"அது கெடக்கட்டும்," என்றார் எலிகியோ. குளியலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார், உட்கார்ந்த தினுசில் இடுப்பு பிடித்துக்கொண்டதால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றார். "அவ வெளிய வந்ததுல ஒண்ணுமில்ல. முக்காலில நான் உக்காந்திருந்தேன். கதவத் திறந்தேன், மச்சான். அதான் போச்சு."

குக்கோ மறுபடியும் எழுந்தார்.

"திறந்தியா?"

"நாலு விரல் அளவு."

"அடப்பாவி மனுஷா, டிவி பாக்கவா? கடைசிப் பந்துலயா?"

"அங்கேர்ந்து டிவி எங்க தெரியும்? இவ மூஞ்சி தெரியும்," என்றார் எலிகியோ. "அதப் பாக்கணும்போல இருந்துச்சு."

குக்கோ தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டில் ஒரு ஆண்பிள்ளை இதைவிடப் பெரிய பழியைத் தலையில் போட்டுக்கொள்ள முடியாது. ஊர் முழுக்க இனி அவர் பெயர் கதவைத் திறந்தவன்தான். அது அவருக்கும் தெரியும். நூரிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வருஷம் இவன் இந்த வீட்டுக்குள் இருந்து ஆட்டம் பார்க்கவே கூடாது, அந்தச் சுறாக்காரன் கடை வாசலில் நின்று பார்க்கட்டும் என்று தீர்ப்புச் சொன்னாள். அதுதான் நியாயம் என்று கிழவர்கள் தலையாட்டினார்கள். எலிகியோவும் தலையாட்டினார்.

அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பினார்கள். போகும்போது யாரும் யனிரிஸைப் பார்த்து ஒரு சொல் சொல்லவில்லை. எல்லாரும் அவள் அப்பாவைத்தான் முறைத்துவிட்டுப் போனார்கள். அவள் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, அவர் குனிகிற வரை சட்டையைப் பிடித்து இழுத்து, கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"ரொம்ப அழகா அடிச்சான்ப்பா," என்றாள்.

"தெரியும்," என்றார் எலிகியோ.